நின்ற வண்டியில் எரிந்த விளக்கு

முதலாளியின் காரில் கியர் ஆயில் சூடாகிவிட்டதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிய நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அவர்தான் அதன் டிரைவர். கிளட்ச் இல்லாமல் தானாகவே கியர் மாறும் வண்டி அது. விளக்கு எரிந்தால் கியர் ஏறாது, வண்டி முனகிக்கொண்டே போகும். கோயமுத்தூர் ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

"லாரி ஓட்டுன காலு. கிளட்ச் இல்லைன்னு சும்மா இருக்காம பிரேக்குலயே கெடந்திருக்கும், அதான் சூடாகுது" என்றார் முதலாளி. வேறு டிரைவர் தேடவும் சொல்லியிருந்தார்.

வீரபாண்டியில் அவருடைய சாயப்பட்டறையில்தான் எனக்கும் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ வரை படித்தேன். சாய மெஷின்களின் சூட்டைக் காட்டும் சென்சார்கள் என் பொறுப்பு. மெஷின் கொதிப்பதாகப் பேனல் காட்டினால் முதலில் கையை வைத்துப் பார்ப்பேன். பல தடவை மெஷின் ஆறித்தான் கிடக்கும்.

டபுள் ஷிப்ட் முடித்த உடம்போடு காலையில் கார் ஷெட்டுக்குப் போனேன். அப்பா ஸ்டார்ட் செய்தார். மற்ற விளக்குகள் அணைந்தன. மஞ்சள் மட்டும் அணையவில்லை.

"ஏனுங்கப்பா, ராத்திரியெல்லாம் நின்ன வண்டில ஆயில் எப்படிச் சூடாகும்?"

"ஆகாதுதான் கண்ணு. நாஞ் சொன்னா எடுபடுமா?"

லாரிக்கு ஆயில் மாற்றும் பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே இறங்கி, சென்சாரின் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தேன். பிறகு பிளக்கை மாட்டி, அப்பாவைப் பல்லடம் வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். வந்ததும் மறுபடி அளந்தேன். சூடு ஏறினால் மீட்டரில் அளவு இறங்க வேண்டும். அசையவே இல்லை. பிளக்கின் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கெட்டது சென்சார்தான் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"படிச்ச புள்ள. அப்பனுக்குப் பேசத்தான செய்யும்" என்றார் முதலாளி.

"மீட்டர் காட்டறதச் சொல்றனுங்க. சென்சார மட்டும் மாத்திப் பாருங்க. அப்பவும் எரிஞ்சா நாங்க ரெண்டு பேருமே வேலைய விட்டு நின்னுக்கறோமுங்க."

மாற்றினார்கள். கோயமுத்தூர் போய்த் திரும்பியும் விளக்கு எரியவில்லை. வேறு டிரைவர் பேச்சு நின்றது.

"அதென்ன, சென்சாருல உப்பு?" என்று கழற்றிய சென்சாரைப் பார்த்து முதலாளி கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார். தினமும் ஹோஸ் பிடித்து வண்டியின் அடிப்பக்கம் வரை கழுவுவது அவர் வழக்கம். வண்டி அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

"போர்த் தண்ணிங்க. அடியில அடிச்சு அடிச்சு உள்ள எறங்கியிருக்குங்க" என்றேன்.

அந்தத் தண்ணீர் எப்படி உப்பானது என்பது மூன்று பேருக்கும் தெரியும். சாயத்துக்குப் போடும் உப்பு மூட்டைகள் எங்களுக்குப் பின்னால்தான் அடுக்கியிருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இனி காருக்கு லாரில வர்ற நல்ல தண்ணிய எடுத்துக்கச் சொல்லு உங்கப்பன" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

எங்கள் வீடு பட்டறைக்குப் பின்தெருவில். சாயங்காலம் வாசலில் கிரீஸ் கையைக் கழுவ உட்கார்ந்தேன். வீட்டுக்கும் அதே போர்த் தண்ணீர்தான். எவ்வளவு தேய்த்தும் சோப்பு நுரைக்கவில்லை. அப்பா இன்னொரு வாளி கொண்டுவந்து வைத்தார்.