போர்மேன் காதர் பாயும் முதலாளியின் அங்கவஸ்திரமும்

நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். காதர் பாயுடன் பழகியவர்கள் ஒருவேளை அரைவாசி நம்பலாம். என் அக்கா பிள்ளைகள் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்களோடு பழைய மில்லில் வேலை பார்த்த சின்னையா வாசலில் வந்து நின்று, “பாய் போயிட்டாங்க” என்றார். ஒரு கன்னத்தில் தாடியோடு பாலக்கரையில் பாய் வீட்டுத் துக்கத்துக்குப் போய் நின்றேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. பாய் ஒருவர்தான் சிரித்திருப்பார்.

கொள்ளிடத்துக்கு வடக்கே ஓர் அரிசி மில்லில் அவர் போர்மேன், நான் பில் குமாஸ்தா. ஐம்பதுகளின் கடைசி அது. “நிறுத்து” என்று பாய் ஒரு சத்தம் போட்டால் இஞ்சின் நிற்பது இருக்கட்டும், திருவெள்ளறையிலிருந்து நெல் ஏற்றி வரும் வண்டிகளும் பாதி வழியில் நின்றுவிடும். மணப்பாறைச் சந்தையில் மாடுகள் படுத்துக்கொள்ளும். ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் மேலே வளராமல் நின்றதும் இந்தச் சத்தத்தால்தான் என்பது என் ஆராய்ச்சி. பாய் பிறப்பதற்கு முன்பே அது நின்றுபோயிற்று என்று சிலர் குறுக்கே பேசுவார்கள். அவர்களுக்குப் பாயின் குரலைத் தெரியாது. மீசைக்கு நெய், சட்டைக்கு அத்தர். அடக்கமான மனிதர் என்று அவர்மேல் யாரும் பழி போட முடியாது.

மில்லுக்குள் கூரையை ஒட்டிச் சுழலும் இரும்புத் தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி மிஷின்களை ஓட்டும். அவற்றைச் சுற்றி மறைப்பு ஏதும் கிடையாது. சரிகை அங்கவஸ்திரத்தோடு முதலாளி உள்ளே வந்தால், ஆட்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிவார்கள். அதுதான் மரியாதை. ஒருநாள் சின்னையாவும் அப்படிக் கட்டிக் குனிந்தார். துண்டின் முனையைப் பெல்ட் கவ்விக்கொண்டது. பாய் போட்ட சத்தத்தில் டிரைவர் இஞ்சினை நிறுத்தினார் என்பார்கள்; இஞ்சினே பயந்துபோய் நின்றது என்பேன் நான். ஆள் பிழைத்தார். பெல்ட் இழுத்த இழுப்பில் வலது கை முறிந்தது. புத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அழைத்து வந்தோம்.

மறுநாள் எல்லோரையும் நிற்க வைத்து முதலாளி தீர்ப்புச் சொன்னார். “அவனோட கவனக்குறைவு. கணக்கை முடிச்சு வீட்டுக்கு அனுப்புங்க.”

கையில் கட்டோடு சின்னையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண் குழந்தைகள். இந்த வேலையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

பாய் ஓர் அடி முன்னால் வந்தார். “முதல்ல என் கணக்கை முடிங்க. பெல்ட்டுக்கு மறைப்பு இல்லாம ஓட்டவிட்டது நான். போர்மேன் நான்.”

“நீங்க ஏன் பாய் போறீங்க? துண்டு கட்டினது அவன்.”

“யாரைப் பார்த்துங்க கட்டினான்?”

மில்லில் தவிடு விழும் சத்தம் கேட்டது. அன்று மில் ஓடவே இல்லை. இருந்தாலும் எனக்குக் கேட்டது.

“அதுக்காக நான் மில்லுக்கே வரக்கூடாதா?”

“தாராளமா வாங்க. அங்கவஸ்திரத்தை வாசல்ல மாட்டிட்டு வாங்க. நீங்க மாட்டினா இவங்களும் மாட்டுவாங்க.”

முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். பாயின் வேலை போயிற்று என்றே எல்லோரும் முடிவு கட்டினோம். மில்லுக்கு எதிரே இருந்த கடை டீ மாஸ்டர் துக்கத்தில் டீக்குச் சர்க்கரை போட மறந்தார்.

மறுநாள் காலையில் வாசல் சுவரில் பாய் ஆணிகள் அடித்துக்கொண்டிருந்தார். முதலாளி வந்து இறங்கினார். ஆணியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், அங்கவஸ்திரத்தைக் கழற்றி மாட்டினார். அப்புறம்தான் சங்கடமே. முதலாளி துணிக்குப் பக்கத்தில் அழுக்குத் துண்டை மாட்ட ஒருவருக்கும் கை வரவில்லை.

“ஆணி கடிக்காதுடா” என்று பாய் தம் எண்ணெய்த் துண்டை எடுத்து, அதே ஆணியில், சரிகையின் மேலேயே போட்டார்.

“பாய், அது பட்டு.”

“சலவைக்குப் போட்டா கறை போயிடுங்க. முறிஞ்ச கையை எங்க போடறது?”

முதலாளி சிரித்தார். பிறகு துண்டுகள் வரிசையாக ஏறின. அந்த வாரமே பெல்ட்டுகளுக்குக் கம்பி வலை வந்தது. கை கூடும்வரை சின்னையாவுக்குக் கூலி போயிற்று. இன்று அந்த மில்லின் போர்மேன் சின்னையாதான்.

நான் வேறொரு மில்லில் மேனேஜராகிவிட்டேன். ஏதாவது உடைந்தால் “எவன்டா அது?” என்றுதான் இன்றைக்கும் வாய் முதலில் திறக்கிறது. அப்போதெல்லாம் பாய் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார். வாயை மூடிக்கொண்டு, நான் எதைச் செய்யாமல் விட்டேன் என்று பார்க்கப் போகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

மேலே சொன்னதில் பெரும்பகுதி என் கைச்சரக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் கேட்காதபோது “போர்மேன் நான்” என்று அவர் ஓர் அடி முன்னால் வந்தாரே, அந்த ஓர் அடி நடந்தது. பக்கத்தில் நின்று பார்த்தேன்.