ரேடியேட்டர் மூடியைத் திறந்த கை

அந்த மூடியைத் திறந்தவன் நான்தான். காளிமுத்து அல்ல.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அதுவும் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். என் கோழைத்தனம் இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்...

காளிமுத்து எங்கள் வீட்டுக் காரோட்டி. இரண்டு கண்களிலும் பார்வை போனவன். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தான், கொதிநீர் முகத்தில் அடித்துவிட்டது. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதை ஊருக்குச் சொன்னவனும் நானே.

என்னைவிட இரண்டு வயது மூத்தவனை 'அவன்' என்றுதான் எழுத வருகிறது. பழக்கம்! அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் அய்யா வாங்கி வைத்துவிட்டுப் போன அந்தக் கறுப்புக் காரை ஊரில் இன்றும் 'பிளசர்' என்றுதான் சொல்கிறார்கள். வயதில் எனக்கு மூத்தது. எங்கள் பக்கத்து வெயிலில் அதை ஓட்டுவது, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது போல. பத்து மைலுக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

காளிமுத்து தொட்டுப் பார்த்தான், முப்பது ஆண்டுகள்! ஊரில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அது ரேடியேட்டருக்குள் போனால் பொருக்குத் தட்டி அடைத்துவிடும் என்று, ஊரணித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி இரண்டு கேன்களில் எப்போதும் வைத்திருப்பான். வண்டி கொதித்தால் ஓரங்கட்டுவான். பானட்டைத் தூக்கி நிறுத்துவான். ஒரு சாக்கை நனைத்து மூடியின் மேல் போடுவான். சாக்கு தானாகக் காய்ந்த பிறகுதான் மூடியில் கை வைப்பான். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ, உள்ளே யார் இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். கலெக்டர் ஆபீசில்கூடக் காத்திருக்காத என் அய்யா, அந்தச் சாக்குக்காக வேலமர நிழலில் குத்தவைத்துக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவனைத்தான் அவசரக்காரன் என்று ஊர் சொல்லும்படி செய்தேன்!

என் மகன் திருமணம் அது. பெண் தேவிபட்டினம். முகூர்த்தம் அங்கே, பெண்ணை அழைத்து வருவது எங்கள் வீட்டுக்கு. வியாழக்கிழமை. ஒன்றரை மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் பெண் எங்கள் வாசற்படி மிதித்தாக வேண்டும். ஏசி கார்கள் மூன்று இருந்தன. இருந்தும் மணமக்கள் அய்யாவின் பிளசரில்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சம்பந்தி வீட்டார் பார்க்க வேண்டுமாம்... எவ்வளவு அற்பமான ஆசை!

காலையில் பூக்காரர் வந்து வண்டியை ஜோடித்தார். முன்பக்கக் கம்பி வலை தெரியாதபடி சாமந்தி மாலையை நெருக்கமாகச் சுற்றச் சொன்னேன். காளிமுத்து ஓடி வந்தான்.

"மூஞ்சியில மாலை போடாதீக மொதலாளி. அதுக்கு அங்கனதான் மூச்சு. காத்துப் போகலேன்னா கொதிச்சிரும்."

"கல்யாண வண்டிய மொட்டையாவா கொண்டு போகச் சொல்ற?" என்றேன். பூக்காரர் சிரித்தார். காளிமுத்து கேன்களை எடுத்துப் பின்னால் வைத்தான்.

தேவிபட்டினத்தில் தாலி கட்டி முடிந்ததும் மேளக்காரர்களுக்குப் பின்னால் தெருத்தெருவாக வண்டி ஊர்ந்தது. கொதிக்கிற வெயில், நடக்கிற வேகம், மூச்சுக்கு வழியில்லாத மாலை. ராமநாதபுரம் தாண்டி எங்கள் ஊர்ச் சாலைக்குத் திரும்பியதும் முன்பக்கமெல்லாம் ஆவி. உறவுக்காரர்கள் வந்த வண்டிகள் முன்னாலேயே போய்விட்டன. காளிமுத்து ஓரங்கட்டினான். முன் சீட்டிலிருந்து நானும் இறங்கினேன். மணமக்கள் இறங்கிப் பின்னால் நின்ற உடைமர நிழலுக்குப் போனார்கள். மகன் போனை எடுத்து ஒரு வண்டியைத் திரும்பி வரச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிடம். காளிமுத்து பானட்டைத் தூக்கினான். சாக்கை நனைத்துப் போட்டான்.

"தண்ணி ஊத்திட்டு எடு" என்றேன்.

"சாக்கு காயட்டும் மொதலாளி."

"நேரம் போகுது, காளிமுத்து!"

"காயாமத் தெறந்தா மூஞ்சி வெந்துரும். வேற வண்டிதான் வருதே, பொண்ணு மாப்பிள்ளைய அதுல ஏத்தி விடுங்க."

அது நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டுத் திருமணத்தில் யார் எந்த வண்டியில் வர வேண்டும் என்று இவன் சொல்வதா?

"ஏலே, தள்ளு!" என்றேன். முப்பது ஆண்டுகளில் அவனை ஏலே என்று அழைத்தது அன்றுதான்.

அதற்குள் அவன் எதிர்ப்பக்கம் குனிந்து விசிறி பெல்ட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். நான் சொன்னது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ... இன்றுவரை தெரியாது. நான் அந்த ஈரச் சாக்கோடு சேர்த்து மூடியைப் பிடித்துத் திருகினேன்.

அதன்பின் நடந்ததை விவரிக்க என்னால் முடியாது. என் கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. என் கையைக் காத்தது அவன் நனைத்துப் போட்ட சாக்கு! நான் பின்னால் தாவிவிட்டேன். அவன் முகம் எஞ்சினுக்கு நேராக இருந்தது.

மகன் ஓடி வந்தான். தூக்கி நின்ற பானட் மறைத்ததில் அவன் எதையும் பார்த்திருக்கவில்லை.

"என்னப்பா ஆச்சு?"

யோசிக்க ஒரு நொடிகூட எனக்குத் தேவைப்படவில்லை. அதுதான் என்னை இன்றும் அச்சுறுத்துகிறது. பொய் அவ்வளவு தயாராக என் வாயில் இருந்தது.

"அவசரப்பட்டுத் தெறந்துட்டான்டா."

காளிமுத்து தரையில் புரண்டுகொண்டிருந்தான். அது அவன் காதில் விழுந்திருக்கும்.

திரும்பி வந்த வண்டியில் அவனை ஏற்றி ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. வழியில் வந்த தெரிந்தவர் காரை நிறுத்தி மணமக்களோடு ஏறிக்கொண்டேன். ஏறுமுன் ஒரு காரியம் செய்தேன். அந்தச் சாமந்தி மாலையை அறுத்துக் கருவேலம் புதருக்குள் எறிந்தேன். மாலை வெந்துபோயிருந்தது. அந்த வாடை! இன்றும் எந்தக் கோயிலில் சாமந்தியைக் கண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிறேன்.

ஒன்றரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மருமகள் வாசற்படி மிதித்தாள். ஆரத்தி எடுத்தார்கள். நல்ல நேரம் தவறவில்லை என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து அவனை மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் போனேன். முகம் முழுக்கக் கட்டு. என் குரலைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"மொதலாளி... மூடியில கை வச்ச ஞாபகமே இல்லையே எனக்கு?"

"அதிர்ச்சியில மறந்திருக்கும், காளிமுத்து" என்றேன்.

கண்ணைக் கெடுத்தது என் அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது ஒரு கணத்துத் தவறு. ஆனால் அவன் நினைவையே அவன் சந்தேகப்படும்படி செய்தேனே... அதை நிதானமாக, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தபடி செய்தேன்!

அன்றிலிருந்து அவன் வீட்டுக்கு மாதம் தவறாமல் அரிசி போகிறது. அவன் மனைவி பஞ்சவர்ணம் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறாள். "தப்பு பண்ணுனவனையும் தாங்குற மனுசன்" என்று ஊர் என்னைப் புகழ்கிறது. நானும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். உங்களால் நிற்க முடியுமா?

போன வாரம் பிளசரை வெளியே எடுத்தோம். மாதத்துக்கு ஒருமுறை ஓடாவிட்டால் எஞ்சின் இறுகிவிடும். மகன் ஓட்டினான். கடலாடிச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி எங்கள் வாசலில் நிறுத்தும்போதே வண்டி கொதித்துவிட்டது. எஞ்சின் சத்தம் கேட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு காளிமுத்து வந்து சேர்ந்தான். எப்போதும் வருவான். மகனே சாக்கை நனைத்துப் போட்டான்.

"அண்ணே, உங்கள மாதிரி அவசரப்பட மாட்டேன்" என்றான் மகன், வேடிக்கையாக. காளிமுத்துவும் சிரித்தான். மகன் உள்ளே போய்விட்டான். சாக்கு காயும்வரை நாங்கள் இருவரும்தான் நின்றோம்.

"மொதலாளி, நெசமாவே நானா ஈரத்துல தெறந்தேன்? முப்பது வருசம் செய்யாததை அன்னைக்கு எப்படிச் செஞ்சேன்? நீங்க பக்கத்துலதான நின்னீக, சொல்லுங்க."

கேள்வி அதேதான். ஒன்பது ஆண்டுகளில் எத்தனையாவது தடவையோ! இந்த முறை சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்...

"ஆமா காளிமுத்து. நீதான்."

அவன் தலையை ஆட்டினான். கையை நீட்டித் தடவிச் சாக்கைத் தொட்டுப் பார்த்தான். ஓரம், நடு, மறுபடி ஓரம்.

"காஞ்சிருச்சு மொதலாளி. நீங்களே தெறந்துருங்க" என்று இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். "என் கைய நான் இப்ப நம்புறதில்ல."

நான் மூடியைத் திறந்தேன்.