செலினாவின் பின்பாதி

எங்க வீட்டுக்கும் செலினா வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவருதான். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தா அது குழம்புக் கரண்டியா சோத்துக் கரண்டியான்னு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிருவேன். "உனக்குக் காது எதுக்கு இம்புட்டு நீளம்?"னு எங்க வீட்டுக்காரர் கேப்பாரு. நான் என்ன செய்ய? ராஜபாளையத்துல வீட்டுல இருந்தே நைட்டி தைக்கிறவ நான். கையும் காலும் மிஷின்ல, கண்ணு துணியில. காது மட்டும் சும்மாதான இருக்கு.

பொழுது சாஞ்சதும் மஹ்ரிப் தொழுது முடிச்சு நான் திரும்ப மிஷின்ல உக்காரும்போது அந்தப் பக்கம் செபமாலை ஆரம்பிக்கும். செலினா வீட்டுக்காரர் ஞானரத்தினம் அண்ணாச்சி மினிபஸ் டிரைவர். சேத்தூர், தேவதானம்னு நாள் பூரா ஆரன் அடிச்சிட்டு வந்து, வீட்டுலயும் அதே சத்தத்துல "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு எடுப்பாவ. அவிய பாதியில நிறுத்துனதும் "புனித மரியே, இறைவனின் தாயே"ன்னு செலினா மீதியைப் பிடிப்பா. மறுபடி அவிய, மறுபடி இவ. எங்கிட்டயும் தஸ்பீஹ் மணி இருக்கு, ஒருத்தியே உருட்டி முடிச்சிருவேன். இவுகளுக்கு மட்டும் எதுக்கு ஆளுக்குப் பாதின்னு எனக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் கேட்டே போட்டேன்.

"ஒருத்தர் ஆரம்பிக்கணும், மத்தவிய முடிக்கணும் நசீமாக்கா. அதான் எங்க வழக்கம். கல்யாணத்துக்கு முந்தி எங்கப்பா ஆரம்பிப்பாவ, இப்ப இவிய. நான் என்னைக்கும் பின்பாதிதான்"ன்னு சிரிச்சா.

அப்படிப்பட்ட மனுசனைப் போன வருசம் வாதம் அடிச்சுப் போட்டிருச்சு. வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புச்சு. பேச்சு மட்டும் திரும்பல. "ம்", "ம்ஹும்", அம்புட்டுதான். கடைத்தெருவையே ஒதுங்க வச்ச குரல் அது. தண்ணி வேணும்னாக்கூட இப்ப டம்ளரைத் தொட்டுக் காட்டுதாவ. பாக்கிற எனக்கே தாங்கல. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஸ்ரீவில்லிபுத்தூர்ல பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஒரு பொண்ணுகிட்ட வாராவாரம் கூட்டிட்டுப் போவா. அந்தப் பொண்ணு, "வாய்க்குப் பழகுன எதையாவது தினமும் ஒரே நேரத்துல சொல்லிப் பழக்குங்கம்மா. பாட்டோ செபமோ எதுனாலும் சரி. ஒரு நாள் செஞ்சு ரெண்டு நாள் விட்டா பிரயோசனம் இல்ல"ன்னு சொல்லிருக்கு. பஸ்ஸை விட்டு இறங்குன செலினா அவியளை வீட்டுல உக்கார வச்சுட்டு நேரா எங்கிட்டதான் ஓடி வந்தா. "அக்கா, இனி ஒரு நாளும் செபமாலையைத் தவற விடமாட்டேன். அவிய பேச்சு வரணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

தவற விடமாட்டாளாம்! அந்த லட்சணத்தைத்தான் நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுட்டு இருந்தேன். ஒரு நாள் சொல்லுவா. மறுநாள் குழாயில தண்ணி வந்திரும், குடத்தைத் தூக்கிட்டு ஓடிருவா. அதுக்கு மறுநாள் அண்ணாச்சியை நலம் விசாரிக்க ஆள் வந்திரும். விடியக்காலம் சொல்லிப் பாத்தா, மணியைப் பிடிச்சபடியே தூங்கி விழுந்தா. செல்லுல அலாரம் வச்சா, அது துவைச்ச துணிக்கு அடியில கெடந்து கத்தும். எனக்குக் கேக்கும், அவளுக்குக் கேக்காது. பொறவு செல்லுலயே யாரோ சொல்லுத செபமாலையைப் போட்டு விட்டா. அண்ணாச்சி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாவ.

"உங்களுக்கென்னக்கா, நேரத்துக்குப் பாங்கு சொல்லிக் கூப்பிடுதாவ. எங்க கோயில் மணி இந்தத் தெரு வரைக்கும் கேக்கவா செய்யுது?"ன்னா ஒரு நாள்.

எனக்கு வந்துச்சே கோவம்! "அப்ப நான் கூப்பிடுதேன்டி. தொழுது முடிச்சதும் சுவத்துல தட்டுவேன். அடுப்புல பால் பொங்குனாலும் இறக்கி வச்சுட்டு உக்காரணும், ஆமா."

சொன்ன மாதிரியே செஞ்சேன். தொழுவேன், பாயைச் சுருட்டுவேன், சுவத்துல தட்டுவேன். அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுத சத்தம் கேக்கும். அதுக்குப் பொறவுதான் மிஷின். மழை பெஞ்சாலும் கரண்டு போனாலும் இது நிக்கல. இது ஒரு வழிக்கு வந்திருச்சேன்னு எனக்கே பெருமைதான், பொய் சொல்லுவானேன்.

ஆனா அண்ணாச்சி வாயைத் தொறக்கல. செலினா முன்பாதியைச் சொல்லி நிறுத்துவா. பதில் வரும் பதில் வரும்னு காத்திருப்பா. வராது. பொறவு அவளே பின்பாதியையும் சொல்லுவா. அதுலயும் ஒரு வேடிக்கை, முன்பாதியில திக்குவா. ஒரு சாயங்காலம் சேலைத் தலைப்பை வாயில அமுக்கிட்டு வந்து நின்னா. "அவிய உதட்டைக்கூட அசைக்க மாட்டேங்குதாவ. எனக்குமே வார்த்தை தடுமாறுது. மாதாவுக்கு எங்க மேல என்ன கோவமோ."

அவ போன பொறவு எனக்குத் தையல் ஓடல. இத்தனை வருசம் காதால கேட்டது எப்படி வாயில தடுமாறும்? அப்புறம்தான் உறைச்சுச்சு. முன்பாதியை அவ கேட்டாளே ஒழிய, சொன்னதில்லையே! மிஷினை அப்படியே போட்டுட்டு அவ வீட்டுக்குப் போனேன்.

"ஏட்டி, அண்ணாச்சி என்னைக்காவது பின்பாதி சொல்லி நீ கேட்டிருக்கியா?"

யோசிச்சா. "இல்லக்கா. அன்பியத்துலகூட அவியதான் ஆரம்பிப்பாவ." அன்பியம்னா அவுக ஆளுக நாலஞ்சு வீடு கூடி ஒரு வீட்டுல செபிக்கிறது.

"அப்ப அவிய வாய்க்குப் பழகாததை நீ சொல்லச் சொல்லுத. அவிய பாதியை நீ எடுத்துக்கிட்டா அவிய எதைச் சொல்லுவாவ? இனி நீ ஆரம்பிக்காத. அவிய பாதிக்கு இடம் விட்டு உன் பாதியை மட்டும் சொல்லு."

"முன்பாதி இல்லாமப் பின்பாதியா? அது பாவம் இல்லியாக்கா? சாமியார்ட்ட கேக்கணும்."

"கேளு. அவரு வேண்டாம்னா நிறுத்து"ன்னேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கேட்டுட்டு வந்தா. சாமியார், "முன்பாதியை அவர் மனசுக்குள்ள சொல்லுதாருன்னு வச்சுக்கோம்மா"ன்னாராம்.

அதுக்குப் பொறவு அந்தப் பக்கம் ஒரு புது மாதிரிச் செபமாலை. கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்காது. பொறவு "புனித மரியே". மறுபடி ஒண்ணும் கேக்காது. அந்தச் சத்தமில்லாத நேரத்துலதான் நான் காதைத் தீட்டி வச்சிருப்பேன். ஒரு நாள் மூச்சு விடுத மாதிரி கேக்கும். ஒரு நாள் அதுவும் இருக்காது. வாரம் வாரமா ஓடுச்சு. ரொம்பத்தான் அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிட்டமோன்னு எனக்குப் பயம் பிடிச்சிருச்சு.

அன்னைக்கு நான் தொழுது எந்திரிக்கவும் நைட்டி ஏவாரி வந்து நின்னான். தையல் கோணலாம்! எவ தையலைப் பாத்துக் கோணல்ங்குத? நானும் விடல, அவனும் விடல. அவனைத் தெருவுல இறக்கி விட்டுட்டு உள்ள வந்து மிஷின்ல உக்காந்துட்டேன். சுவத்துல தட்டுத நெனப்பே இல்ல.

டொம், டொம்னு சத்தம். சுவத்துல இருந்து வருது. அந்தப் பக்கம் இருந்து.

செலினா தட்டுனா வளையல் சத்தம் கேக்கும். இது முரட்டுக் கை. நான் எந்திரிச்சுப் போய்ச் சுவத்துல காதை வச்சேன்.

"அ… அரு…" கட்டை வண்டி மேட்டுல ஏறுத மாதிரி இழுத்துச்சு அந்தக் குரல். "அருள்… நிறைஞ்ச… மரியே…"

யா அல்லா! முழுசாத் தெளிவா வரல. பாதி வார்த்தை நொறுங்கிருச்சு, ஆனா ராகம் அதே ராகம், டிரைவர் ராகம். கடைசி வரைக்கும் இழுத்துக் கொண்டு போய் நிறுத்துனாவ. இப்ப செலினா பிடிக்கணும். ஒரு நாளும் தன் பாதியில தவறாதவ, அன்னைக்குப் பாத்து வாயைத் தொறக்கல. தேம்பித் தேம்பி அழுதுட்டு இருக்கா.

அண்ணாச்சி மறுபடி சுவத்துல தட்டுனாவ.

எனக்குப் பொறுக்கல. கண்ணைத் தொடச்சுக்கிட்டு, தெருவே கேக்கக் கத்துனேன். "ஏட்டி செலினா! அழுகையைப் பொறவு வச்சுக்கலாம். உன் பாதியைச் சொல்லுட்டி, அவிய காத்துட்டு இருக்காவ!"