இறுக்கியும் தலை போன போல்ட்டும்

தெருவில் அவருக்கு ‘இறுக்கி’ என்று பெயர். தொழில் குழாய் வேலை. அவர் கைபட்ட குழாய் ஒரு சொட்டு கசிந்ததாக யாரும் வாய் திறக்க முடியாது. கசியாதது சரி, பிறகு அதைக் கழற்றத்தான் ஆள் கிடைக்காது.

மகளுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். “உங்க கார் வேணாம்பா. அது தூக்கிப் போடுறதுல தையலே பிரிஞ்சிடும். டாக்ஸியில வந்துடுறேன்” என்று போனில் சொல்லிவிட்டாள். மனிதருக்குச் சுருக்கென்றது. பேத்தி முதன்முதலாக வீடு வருவது எவனோ ஒருவன் வண்டியிலா?

“அப்பா வண்டி நாளைக்கு அலுங்காமப் போகும். நீ வேணா பாரு” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பின் சக்கரங்களுக்குப் புது ஷாக் அப்சார்பர்களை, போல்ட்டோடு வாங்கிவந்தார். கார் வேலைக்குக் கார் சாமான்தான் சரிப்படும் என்று பக்கத்து வீட்டில் ஸ்பேனர் செட்டையும் இரவல் வாங்கி, வாசலிலேயே ஜாக்கி போட்டுப் படுத்தார். ஒரு பக்கம் சுளுவாக முடிந்தது. மறு பக்கத்து போல்ட், முன்பு அவரே மாட்டியது. குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றி, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து இறுக்கியது. இப்போதும் அதே குழாயைச் செருகி, எழுந்து குந்தி உட்கார்ந்து எக்கி இழுத்தார். ‘டக்’கென்றது. ஆள் மல்லாந்து விழுந்தார்.

மனைவி ஓடி வந்தாள். “என்னங்க ஆச்சு?”

“தலை போச்சு.”

“உங்களுதா, போல்ட்டோடதா?”

பழைய ஷாக் அப்சார்பர் உருவிக்கொண்டு வந்துவிட்டது. தலை போன போல்ட் மட்டும் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. ஸ்பேனர் பிடிக்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒர்க்‌ஷாப்பும் இல்லை. எதெதையோ வைத்துத் திருகிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

“அவளை டாக்ஸிக்கே சொல்லச் சொல்லிடு” என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். “ஏங்க, குழாய்க்கு மட்டும் தலை இருக்கா? அதைத் தினமும் எதை வச்சுத் திருகுறீங்க?”

மனிதர் துள்ளி எழுந்து தன் வேலைப்பைக்கு ஓடினார். எண்ணெய் விட்டு, சற்று ஊறவிட்டு, பைப் ரெஞ்ச்சால் கவ்வித் திருப்பியதும் போல்ட் முனகிக்கொண்டே வெளியே வந்தது. புதியதை எடுத்தவர், பழக்கதோஷத்தில் டேப்பைத் தேடினார்.

“அதுல என்ன தண்ணியா ஓடுது, கசியறதுக்கு?”

காருக்கடியில் படுத்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார். போல்ட்டை மாட்டி, சாமான் விற்ற கடைக்காரர் சொல்லியனுப்பிய அளவுக்கு மட்டும் திருகி நிறுத்தினார். இன்னும் ஒரு சுற்றுக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டார்.

மறுநாள் மகள் அரை மனதோடுதான் காரில் ஏறினாள். குழந்தை பாட்டி மடியில் இருந்தது. தெருமுனை வேகத்தடை தெரிந்ததும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

“இன்னும் வரலையாப்பா அந்த மேடு?”

“அது எப்பவோ தாண்டியாச்சும்மா” என்றார் இறுக்கி.