தண்ணீர் குடித்துக் காத்திருந்தவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை, அப்பாவை தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். கொஞ்ச நாளாகவே அடிக்கடி எழுந்து போவதும், போன இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு முனகிக்கொண்டே திரும்புவதுமாக இருந்தார். டாக்டருக்கு ப்ராஸ்டேட் மேல் சந்தேகம். முட்ட முட்டத் தண்ணீர் குடித்து, மூத்திரப்பை நிறைந்ததும் ஒரு ஸ்கேன். போய்விட்டு வந்தபின் இன்னொரு ஸ்கேன். உள்ளே நிறைய மிச்சமிருந்தால் ஆபரேஷன். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்கு மோர்சாதம்கூட இறங்கவில்லை.

ஹாலில் இருந்த ஆண்கள் எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில், எல்லோர் முகத்திலும் ஒரே தவிப்பு. யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் ஆபத்து. அப்பா வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவந்த வெந்நீரைக் காலிசெய்துவிட்டு, கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தது. எழுந்திருக்கவில்லை.

"ராகுகாலம்டா. ஒம்பது மணி ஆகட்டும்."

"உங்களால தாங்க முடியுமாப்பா?"

"பேசாதே. பேசினா வந்துடும்."

அடுத்தவரை உள்ளே அனுப்பினார்கள். அப்பா சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டே இருந்து, ஒன்பது ஆனதும் பாய்ந்தார். முதல் ஸ்கேன் முடிந்து கழிவறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. அத்தனை நேரம் அடக்கியதில், இப்போது ஒரு சொட்டும் இறங்க மாட்டேன் என்கிறதாம்.

"வரலைடா! ஆபரேஷன்தான் போலிருக்கு." கதவுக்குப் பின்னால் குரல் தழுதழுத்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. குழந்தையைக் காலில் உட்காரவைத்து அம்மாக்கள் செய்வார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. கதவோடு வாயை வைத்து, "உஸ்ஸ்ஸ்..." என்றேன்.

"சத்தமா சொல்லுடா, காதுல விழலை!"

மானம் போனால் போகட்டும் என்று மூச்சை இழுத்துக்கொண்டு ஹால் முழுக்கக் கேட்கும்படி ஊதினேன். உள்ளே மெல்ல மெல்லச் சத்தம் வந்தது. சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால், ஹாலே எழுந்து நிற்கிறது. லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்னா சார் நீ! காலைலேர்ந்து ரொப்பிக்கினு வந்தேன், அல்லாம் பூடும் போல கீதே!"

சரிகை வேட்டிக்காரர் ஒருவர் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கே ஓடிவிட்டார்.

இரண்டாவது ஸ்கேனில் டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். "வீக்கம் இருக்கு. ஆனா மிச்சம் கொஞ்சம்தான். மாத்திரை போதும், ஆபரேஷன் இப்போ வேண்டாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுபடி முதலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களின் முறைப்பைத் தாண்டி ஆட்டோவில் ஏறினோம். பாண்டி பஜார் தாண்டியதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கொழந்தையா இருந்தப்போ உங்கம்மாதான்டா உஸ் சொல்லுவா. நான் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை."

மயிலாப்பூரில் ஆட்டோ நின்றபோதுதான் கையை விட்டார். அதுவும், வீட்டுக்குள் ஓட வேண்டியிருந்ததால்.