முனிரத்தினம் பார்த்த குழாய்

முனிரத்தினம் இறந்த செய்தி எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் செங்கம் சாலையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் உயிரோடிருந்தபோது அவர் வாயை அடைத்தவர்கள்தான் முதலில் அனுப்பினார்கள். வாயை அடைத்தவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத எனக்கு அருகதை இல்லை.

அரசுக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் அலுவலகத்தில் அவர் வரைபடம் போடும் வரைவாளர், நான் தட்டச்சர். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முகப்பை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போவார். "முன்னாடி எல்லாமே அழகாத்தான் இருக்கும். அழுக்குத் தண்ணி எங்க போவுதுனு பாருங்க, கட்டுனவன் யோக்கியதை தெரிஞ்சிடும்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

எங்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்த பழைய சத்திரத்தைப் புதுப்பிக்க ஒரு குழு போட்டார்கள்; அதில் நாங்கள் இருவரும் இருந்தோம். முன்மாதிரி பார்த்துவர எங்களை ஓர் ஆற்றங்கரை ஊருக்கு வேனில் கூட்டிப்போனார்கள். பழமை மாறாமல் காப்பாற்றப்பட்ட ஊராம். தேக்குத் தூண்கள், சுண்ணாம்புச் சுவர்கள், பித்தளைக் குமிழ் வைத்த கதவுகள். தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடையாது. எங்களுக்குச் சந்தனம், மாலை, வாழையிலைச் சாப்பாடு. வாயைப் பிளந்துகொண்டு செல்ஃபி எடுத்தோம். முனிரத்தினத்தைக் காணோம்.

தேடிப்போனேன். விடுதியாக மாற்றியிருந்த பெரிய மாளிகையின் பின்னால், படித்துறையில் நின்றிருந்தார். மாளிகையின் கழிப்பறைக் குழாய் நேராக ஆற்றில் இறங்கியிருந்தது. அதன் வாயில் வழிந்ததை எழுதக் கை கூசுகிறது. பத்தடி தள்ளி ஒரு பெண் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"குடிக்கவாம்மா?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"பாத்திரம் கழுவ. குடிக்க லாரி தண்ணி வரும். வரலைன்னா இதுதான்."

எங்களோடு வந்த அதிகாரி எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "போட்டோல இது விழாது சார், வாங்க" என்றார். சீ! நானும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டேன். ஆனாலும் பாயசம் பரிமாறுகிறார்கள் என்று கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தேன். முனிரத்தினம் வரவில்லை.

திரும்பி வந்ததும் அறிக்கைக்கு அவர் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். அந்த ஊரை நாம் பின்பற்றக் கூடாது. சத்திரத்தின் கழிவு ஏரியில் கலக்காமலிருக்க வழி செய்த பிறகே கதவைத் திறக்கவேண்டும். குழுத் தலைவர் அதைப் பேனாவால் அடித்தார். நான் அதை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த விரல்கள் இவை. முனிரத்தினம் படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போடவில்லை, என்னைத் திட்டவுமில்லை. "உனக்கும் நாத்தம் அடிச்சுது இல்ல? பின்ன ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு இரங்கல் கூட்டம் எங்கே வைத்தார்கள் தெரியுமா? புதுப்பித்துத் திறந்த அதே சத்திரத்தில்! 'மரபைக் காத்தவர்' என்று பேனர் வேறு. குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசும்போதே, ஏரிப்பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொல்லி யாருக்கோ சைகை காட்டினார். ஊதுவத்தியை ஜாஸ்தியாகக் கொளுத்தினார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குழாய் ஏரிக்குள் இறங்கியிருந்தது. கரையில் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

உள்ளே வந்து மைக்கை வாங்கி, அந்தப் பத்தியை விட்டவன் நான்தான் என்று சொன்னேன். "துக்கத்துக்கு வந்த இடத்துல எதுக்கு சார் இதெல்லாம்?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மைக்கை அணைத்துவிட்டார்கள்.

நாற்றம் நமக்கெல்லாம் பழகிப்போய்விட்டது. முனிரத்தினத்துக்குக் கடைசிவரை பழகவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த அருவருப்பை மட்டும்தான். அவர் எழுதிய பத்தி எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். அதை மனுவாகத் தட்டச்சு செய்து, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கப்போகிறேன். அவரைத் தெரிந்தவர்களே, என் பெயருக்குக் கீழே உங்களுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.