காதுகுத்து வீட்டில் திறந்த பெட்டி

நான் மேஜிக் செய்கிறவன். கீபோர்டும் வாசிப்பேன். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பள்ளிக்கூட ஆண்டு விழா, பிறந்தநாள், காதுகுத்து என்றால் மேஜிக் செய்யக் கூப்பிடுவார்கள். கல்யாண வரவேற்பு, கோயில் கொடைத் திருவிழா என்றால் மெல்லிசைக் குழுக்காரர்கள் கீபோர்டுக்குக் கூப்பிடுவார்கள். சிலர் இரண்டையும் என்னிடமே முடித்துக்கொள்வார்கள். காலையில் கோட்டும் தலைப்பாகையுமாக நின்று கைக்குட்டையை நிறம் மாற்றிவிட்டு, மத்தியானம் பந்தி நடக்கும்போது அதே வியர்வையோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கறிச்சோற்றின் வாசம் வந்த பிறகு யாரும் பாட்டைக் கேட்பதில்லை. ஆனால் நிறுத்தினால் மட்டும் உடனே திரும்பிப் பார்ப்பார்கள்.

டீக்கடைக்குப் போனால், "எங்க அண்ணாச்சி, ஒரு வடைய வரவையுங்க பாப்போம்" என்பார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றால், நீர் எதற்கு நிற்கிறீர், வீட்டிலேயே அரிசியை வரவைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். ஒவ்வொருவரும் அதைத் தாங்கள்தான் முதலில் சொல்வதாக நினைத்துச் சொல்வார்கள். நானும் முதல் தடவை கேட்பது போலச் சிரித்துவைப்பேன். மேடையில் செய்கிற வேலையைவிட இந்தச் சிரிப்புதான் எனக்கு அதிக அலுப்பு.

என் நிகழ்ச்சியில் ஆட்கள் நினைவில் வைத்துக்கொள்வது பெட்டியைத்தான். ஆள் நிற்கிற உயரம், கருநீல வண்ணம், மேலெல்லாம் ஜிகினா நட்சத்திரம். என் மனைவி மினுமினுக்கும் சேலை கட்டிக்கொண்டு அதற்குள் போவாள். கதவை மூடி, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கோலால் தட்டித் திறந்தால் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடி மூடித் திறந்தால் கும்பிட்டபடி நிற்பாள். பெட்டிக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி. அதன் பின்னால் ஓர் ஆட்டுக்குட்டியைத் தாராளமாக அடைக்கலாம். அந்த இடத்தில்தான் அவள் கல்யாணமான வருடத்திலிருந்து மடங்கி உட்கார்ந்தாள். மடங்கியதும் உள்ளிருந்து விரலால் பலகையைத் தட்டுவாள். அது கேட்ட பிறகுதான் நான் திறப்பேன்.

போன வருடம் அவளுக்கு வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கீழே சம்மணம் போட்டு உட்காராதீர்கள், காலை மடக்கி வேலை செய்யாதீர்கள் என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். வீட்டு வேலைதான் என்று சொல்லிவிட்டாள். தொழில் ரகசியம் அல்லவா. வெளியே வந்து, பெட்டியை நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். வாக்குக் கொடுத்த நிகழ்ச்சிகளை மட்டும் முடித்துக்கொடுப்போம், அதன் பிறகு வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள்.

அப்படி வாக்குக் கொடுத்ததில் ஒன்று, இடைசெவல் பக்கத்துக் கிராமத்தில் ஒரு காதுகுத்து. எங்களைப் பேசி அமர்த்தியவர் குழந்தையின் தாய்மாமன். லாரி வைத்திருக்கிறவர். தாய்மாமன் சீராகத் தட்டுத்தட்டாகப் பழமும் பட்டுத்துணியும் கொண்டுபோவதோடு, ஒரு மேஜிக் நிகழ்ச்சியும் கொண்டுபோக வேண்டுமென்று அவருக்கு ஆசை. அக்காவைக் கொடுத்த வீட்டில் நிலபுலம் அதிகம். அவர்கள் தன்னைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். பெட்டி கட்டாயம் வர வேண்டும் என்று போனில் பலமுறை சொன்னார். ஆள் மறைவதை அந்த ஊர் இன்னும் பார்த்ததில்லையாம்.

கார்த்திகை மாதம். முந்தின நாள் நல்ல மழை. குலதெய்வக் கோயில் புஞ்சைகளுக்கு நடுவில் இருந்தது. தார் ரோட்டோடு குட்டியானை வேன்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். கரிசலில் மழை பெய்தால் வண்டி இறங்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசிப் பயனில்லை. தாய்மாமனின் ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். ஸ்பீக்கர், கீபோர்டு, ஸ்டாண்டு எல்லாம் தலைச்சுமையாகப் போயின. நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பருத்திக் காட்டு வரப்பில் நடந்தோம். ஒவ்வோர் அடிக்கும் மண் பாதத்தில் அப்பிக்கொண்டு கூடவே வந்தது. அவள் பாதி வழியில் நின்று, காலில் அப்பிய மண்ணைக் குச்சியால் சுரண்டினாள். வலிக்கிறதா என்று கேட்டேன். மண்ணைச் சுரண்டுவதிலேயே குறியாக இருப்பது போல இருந்துகொண்டாள்.

மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியதும் பந்தலில் எங்களைத் தொடங்கச் சொன்னார்கள். குழந்தை அழுது தூங்கிவிட்டது. கூட்டம் நல்ல கூட்டம். களையெடுப்பு நேரம் என்றாலும் மண் ஈரமாக இருந்ததால் யாரும் காட்டுக்குப் போகவில்லை. கயிறு அறுத்து ஒட்டவைத்தது, செம்பிலிருந்து தண்ணீர் வற்றாமல் ஊற்றியது எல்லாம் எடுபட்டன. தாய்மாமன் முன்வரிசையில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து வருவதுதான் பெரிது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் பெட்டிக்குள் போனாள். நான் மூடினேன். சுற்றினேன். வழக்கமாகச் சொல்லும் வசனத்தைச் சொன்னேன். தட்டுகிற சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் வசனம் பேசினேன். கைக்குட்டையிலிருந்து ஒரு பூங்கொத்தை வரவழைத்துத் தாய்மாமனிடம் கொடுத்தேன். திரும்பி வந்து, பெட்டியைக் கையால் தடவிப் பார்ப்பது போலக் காதைப் பலகையோடு சேர்த்து வைத்தேன்.

உள்ளே இருந்து அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"என்னங்க, காலு வரல."

என் காலரில் மைக் இருந்தது. கோயிலைத் தாண்டி, சமையல் நடந்த இடம் வரைக்கும் கட்டியிருந்த ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் அது கேட்டது.

நான் கதவைத் திறந்தேன். வேறு வழியில்லை. கண்ணாடி ஒருபக்கம் சரிந்திருந்தது. அவள் பாதி மடங்கியும் பாதி நீட்டியும் மாட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. முன்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் கை தட்டினான், இதுவும் நிகழ்ச்சிதான் என்று. நான் அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். "தொடாதீங்க, தொடாதீங்க" என்றாள். அதுவும் ஸ்பீக்கரில் போனது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். குழந்தையின் அத்தை அவர், தகப்பனோடு பிறந்தவர். மேடையேறியதும் முதலில் என்னிடம்தான் சொன்னார்.

"மைக்க அணைங்கய்யா மொதல்ல."

அணைத்தேன். அவர் பெட்டியின் பக்கப் பலகையைத் தட்டிப் பார்த்து, இது கழன்று வருமா என்று கேட்டார். வரும் என்றேன். கழற்றினோம். இன்னும் நாலைந்து பெண்கள் ஏறி வந்து, காலை அசைக்காமல் அவளை அப்படியே ஏந்தி இறக்கி, கோயிலுக்குப் பின்னால் உடைமரத்து நிழலில் ஒரு கட்டிலில் கிடத்தினார்கள். சமையல்காரர் வாணலியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்துவிட்டார். அத்தை ஒத்தடம் கொடுத்தார். நான் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பெட்டிக்குள் எப்படி மடங்குவாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவளும் சொன்னாள். டாக்டரிடம் மறைத்ததை அவர்களிடம் வரிசையாகச் சொன்னாள். உள்ளே எவ்வளவு புழுக்கம், எந்த விரல் முதலில் மரத்துப்போகும், சேலை மாட்டாமல் எப்படிச் சுருட்டிக்கொள்ள வேண்டும் என்று எல்லாம். நான் அதுவரை கேட்காத சங்கதிகளும் அதில் இருந்தன. அவர்கள் ஆச்சரியப்படவில்லை. தங்கள் முழங்கால்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற இரண்டு பேர் தங்களுக்குள் அந்தப் பேச்சில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

"நீ பெட்டிக்குள்ள மடங்குத, நாங்க புஞ்சையில மடங்குதோம். இதுல என்ன தாயி மேஜிக்கு இருக்கு?" என்றார் அத்தை.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் தாய்மாமன் என்னைத் தேடி வந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. குரலை உயர்த்தவில்லை. கோயில் சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார்.

"ஒரு மாசமா எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. இனி காலம் பூரா இதயே சொல்லிச் சிரிப்பாவ. அங்கன எங்க மச்சான் சிரிக்காரு பாத்தீரா?"

மீதி நேரத்துக்கு வாசிக்கிறேன் என்றேன். வாசியும் என்றார்.

பந்தலுக்கு வந்து கீபோர்டை எடுத்து வைத்தேன். மேடையில் பெட்டி ஒருபக்கம் திறந்து கிடந்தது. அதைப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை உள்ளே போய்க் கண்ணாடியை நிமிர்த்திவிட்டு அதன் பின்னால் சுருண்டுகொண்டது. எலும்பே இல்லாத மாதிரி. மற்றவை கதவை மூடித் திறந்தன. ஆளைக் காணோம். கூச்சல். அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசை கட்டிவிட்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் ஓடிப்போய்த் தடுத்திருப்பேன். அந்தக் கண்ணாடியை யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்ததுதான் என் பிழைப்பு. அன்றைக்கு எழுந்திருக்க உடம்பில் தெம்பில்லை. பார்த்துக்கொண்டே ஒரு பாட்டின் தொடக்கத்தை வாசித்தேன்.

தாய்மாமன் பிள்ளைகளை விரட்டத்தான் மேடையேறினார். ஏலே, இறங்குங்கலே என்றார். அதற்குள் கூட்டத்திலிருந்து அவருடைய மச்சான் எழுந்து, என் மகளை எங்கே ஒளித்தீர் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மூத்த மகள் உள்ளே இருந்தாள் போல. தாய்மாமன் கீழே கிடந்த என் கோலை எடுத்தார். கழற்றிய பலகையை அவரே மாட்டினார். பெட்டியைச் சுற்ற முடியாமல் சுற்றி, தட்டித் திறந்தார். பிள்ளை இல்லை. மூடித் திறந்தார். பிள்ளை நின்றது. பந்தல் அதிர்ந்தது. எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கை தட்டினார்கள்.

நான் ரிதத்தைப் போட்டு, அவர் பெட்டியைச் சுற்றும்போதெல்லாம் முரசு உருளுகிற மாதிரி வாசித்துக்கொடுத்தேன். அக்கா வீட்டுப் பிள்ளைகள் முழுவதையும் அவர் மறைத்து மறைத்து வரவழைத்தார். வேட்டி அவிழ அவிழ இடுப்பில் சொருகிக்கொண்டு, பந்திக்கு ஆள் வந்து கூப்பிடும் வரைக்கும் நிறுத்தவில்லை. இறங்கி வந்தபோது என்னைப் பார்த்து, "கை வலிக்குதே அண்ணாச்சி, எப்பிடி இத்தன வருசம் சுத்துனீரு?" என்றார். கோபம் போயிருந்தது. எனக்கும் தோள் வலிதான் என்று சொன்னேன்.

திரும்பும்போது அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தார் ரோடு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார்கள். ரகசியத்தை ஓர் ஊருக்கே திறந்துவிட்டு வருகிறோமே என்று எனக்குத் துக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முதுகுதான் வலித்தது.

அதன் பிறகு அவள் பெட்டிக்குள் போகவில்லை. பலகைகளைப் பிரித்து அடுப்படியில் அலமாரி அடித்தோம். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஜிகினா நட்சத்திரம் இன்னும் தெரிகிறது. கண்ணாடியைக் குளிக்கிற இடத்தில் மாட்டியிருக்கிறேன். பெட்டி இல்லையென்றால் வேண்டாம் என்று சிலர் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். சிலருக்குப் பெட்டி இருந்ததே நினைவில்லை. காதுகுத்து வீட்டு அத்தை மட்டும் அவ்வப்போது போன் செய்து காலை விசாரிப்பார். என்னிடம் பேச மாட்டார், அவளிடம்தான்.

இப்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறாள். போன வாரம் குளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி. வெயில் கொளுத்தியது. தகர ஷெட்டுக்குள் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார்கள். என் விரலிலிருந்து ஒரு சீட்டு நழுவிக் கீழே விழுந்தது. முன்வரிசைப் பிள்ளை எடுத்துக் கொடுத்தது. நன்றி சொல்லி வாங்கி, அதையே வைத்துத் தொடர்ந்து செய்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஒரே ஓர் இருக்கைதான் கிடைத்தது. அவளை உட்காரவைத்துவிட்டு, கீபோர்டு பையை அணைத்துக்கொண்டு நான் நின்றேன்.

"நாளைக்குப் புதியம்புத்தூர் வரவேற்புக்கு நீங்க மட்டும் போறீங்களா?" என்று கேட்டாள்.

"நான் மட்டும் போறேன். நீ படுத்துக்கோ."

சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். விளாத்திகுளத்தில் கூட்டம் இறங்கியதும் அவள் பக்கத்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன். கோவில்பட்டி வந்தபோது கண்டக்டர்தான் எங்கள் இரண்டு பேரையும் எழுப்பினார்.